இருந்தால் கூட்டு, இல்லையேல் சேர்: சார்புவழி மொழிகளில் நிபந்தனைப் புதுப்பித்தல் வளர்ந்த கதை

ஒரு மளிகைக் கடையின் இருப்புக் கணக்கை நிரலில் வைத்திருப்பதாகக் கொள்வோம். பொருளின் பெயர் சாவி, கையிருப்பு அதன் மதிப்பு. 10 கிலோ வெல்லம் வந்து இறங்குகிறது. கணக்கில் வெல்லம் ஏற்கெனவே இருந்தால் 10ஐக் கூட்ட வேண்டும். இல்லாவிட்டால் புதிதாகப் பதிய வேண்டும். விற்றுத் தீர்ந்தால் பதிவையே நீக்க வேண்டும். வாயால் சொன்னால் மூச்சு விடும் நேரத்தில் முடிந்துவிடும் இந்த வேலையை ஒரே சார்பாக எழுதும் வடிவத்தை எட்ட, சார்புவழி நிரலாக்க மொழிகளுக்கு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது.

காரணம், இம்மொழிகளில் ஒருமுறை உருவான தரவு பொதுவாக மாறாது. புதுப்பிப்பது என்றால் பழைய தொகுப்பை அப்படியே விட்டுவிட்டு, மாற்றம் ஏறிய இன்னொரு தொகுப்பைத் தருவது. இதில் இரண்டு கேள்விகள் எழுகின்றன. ஒவ்வொரு மாற்றத்துக்கும் முழுத் தொகுப்பையும் நகலெடுத்தால் கட்டுப்படியாகுமா? தேடிய சாவி இல்லாவிட்டால் என்ன செய்வது? முதல் கேள்விக்குத் தரவமைப்பு ஆய்வாளர்கள் பொதுவான விடை கண்டார்கள். இரண்டாவதற்கு மொழிக்கு மொழி விடை வேறுபட்டது. இன்று நாம் பயன்படுத்தும் சார்புகளின் உருவத்தை முடிவு செய்ததும் அதுதான்.

லிஸ்ப்பின் இணைப்பட்டியல்

லிஸ்ப் மொழியை விளக்கி ஜான் மெக்கார்த்தி எழுதிய கட்டுரை 1960 ஏப்ரலில் வெளிவந்தது. நிரலை மதிப்பிடும் சார்பு, மாறிகளின் பெயரையும் மதிப்பையும் இணை இணையாகக் கோத்த ஒரு பட்டியலைக் கையில் வைத்திருந்தது. ஒரு மாறிக்குப் புது மதிப்பு வந்தால் பழைய இணையை யாரும் தொடுவதில்லை. புது இணையைப் பட்டியலின் தலையில் சேர்ப்பார்கள். தேடல் தலையிலிருந்தே தொடங்குவதால் புதியது முதலில் அகப்படும், பழையது அதன் பின்னால் மறைந்து கிடக்கும்.

1962இல் வந்த லிஸ்ப் 1.5 கையேட்டில் 'சசோக்' என்றொரு சார்பு உண்டு. சாவி, பட்டியல் ஆகியவற்றோடு மூன்றாவதாக ஒரு சார்பையும் அது வாங்கிக்கொள்ளும். சாவி கிடைக்காவிட்டால் அந்த மூன்றாவது சார்பை இயக்கி, அதன் விடையைத் தரும். இல்லாதபோது செய்ய வேண்டியதையே ஒரு சார்பாகக் கொடுத்துவிடலாம் என்ற எண்ணம் அப்போதே முளைவிட்டிருந்தது. ஆனால் அது தேடலோடு நின்றது. அதே கையேட்டில் இணையை இருந்த இடத்திலேயே மாற்றி எழுதும் சார்புகளும் இருந்தன.

நகலின் விலை

பட்டியலில் தேடும் நேரம் அதன் நீளத்தோடு கூடிக்கொண்டே போகும். மரவடிவ அமைப்புகள் இதற்குத் தீர்வாயின. சமநிலையுள்ள இருகிளை மரத்தில் ஒரு சாவியின் மதிப்பை மாற்றும்போது, வேரிலிருந்து அந்தச் சாவி வரையுள்ள கணுக்களை மட்டும் புதிதாக உருவாக்கினால் போதும். மற்ற கிளைகளைப் பழைய மரமும் புதிய மரமும் பகிர்ந்துகொள்ளும். 10 லட்சம் சாவிகள் இருந்தாலும் புதிதாக எழுத வேண்டியவை ஏறத்தாழ 20 கணுக்களே. யூஜின் மையர்ஸ் 1984இல் இவ்வகை மரங்களை ஆராய்ந்தார். பழைய பதிப்புகளை இழக்காத தரவமைப்புகளுக்கான பொதுக் கோட்பாட்டை டிரிஸ்கால், சார்னக், ஸ்லீட்டர், டார்ஜன் ஆகிய நால்வர் 1986இல் முன்வைத்தனர்.

1993இல் ஸ்டீபன் ஆடம்ஸ் விளக்கிய எடைச் சமநிலை மரம், பின்னர் ஹாஸ்கல் மொழியின் மேப் (சாவி-மதிப்புத் தொகுப்பு) நூலகத்துக்கு அடித்தளமானது. அதில் ஒரு சிக்கல் பல ஆண்டுகள் ஒளிந்திருந்தது. இவ்வகை மரங்களின் பல செயலாக்கங்களில், சில சாவிகளை நீக்கும்போது சமநிலை குலைந்தது; மரத்தை எப்போது, எப்படிச் சுழற்றுவது என்பதைத் தீர்மானிக்கும் இரு எண்கள் சரியாக அமையவில்லை. யோய்ச்சி ஹிராய், கசுஹிகோ யமமோட்டோ இருவரும் 2011இல் கோக் என்ற நிரூபண மென்பொருளின் துணையோடு சரியான வரம்பைக் கண்டனர். மூல அல்காரிதத்தில் முழு எண்களாகப் பொருந்துவது 3, 2 என்ற ஒரே இணைதான்.

இதற்கிடையே பில் பாக்வெல் 2001இல் இன்னொரு மரத்தை விவரித்தார். சாவியின் ஹாஷ் எண்ணைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு கிளையில் இறங்கும் அமைப்பு அது. ரிச் ஹிக்கி 2007இல் வெளியிட்ட குளோஷர் மொழியில் இதன் மாறாத வடிவத்தைக் கையாண்டார். கணுவுக்கு 32 கிளைகள் வரை இருக்கலாம். 32ஐ நான்கு முறை பெருக்கினால் 10,48,576. எனவே 10 லட்சம் சாவிகளை நான்கைந்து அடுக்குகளில் அடக்கிவிடலாம்.

இல்லாமையும் ஒரு மதிப்பே

ஹாஸ்கலின் மேப் நூலகத்தில் நான்கு சார்புகளை வரிசையாகப் பார்த்தால் சிந்தனை நகர்ந்த திசை தெரியும். 'இன்சர்ட்வித்': சாவி இருந்தால் பழையதையும் புதியதையும் சேர்க்கும், இல்லாவிட்டால் புதியதைப் பதியும், நீக்கத் தெரியாது. 'அட்ஜஸ்ட்': இருப்பதை மாற்றும், இல்லாவிட்டால் பேசாமல் இருந்துவிடும். 'அப்டேட்': இருப்பதை மாற்றும் அல்லது நீக்கும்; சேர்க்காது. 'ஆல்டர்': மூன்றையும் செய்யும்.

ஆல்டரின் சூட்சுமம் 'மேபி' வகையில் இருக்கிறது. வெல்லம் 25 கிலோ இருந்தால் நம் சார்புக்கு 'ஜஸ்ட் 25' வந்து சேரும். இல்லாவிட்டால் 'நத்திங்' வரும். சார்பு 'ஜஸ்ட் 35' என்று திருப்பித் தந்தால் அது பதிவாகும். 'நத்திங்' என்றால் பதிவு நீங்கும். இருப்பதும் இல்லாததும் உள்ளே போகின்றன, அவையே வெளியே வருகின்றன. கடையின் மூன்று விதிகளும் ஒரே சார்புக்குள் அடங்கிவிட்டன.

ஓகாமல் மொழி 4.06 பதிப்பில், 2017இல், இதே உருவத்தை 'அப்டேட்' என்ற பெயரில் ஏற்றது. கூடவே ஒரு சிக்கனமும் செய்தது: சார்பு அதே பழைய மதிப்பையே திருப்பினால், புது மரம் எதுவும் கட்டாமல் பழைய மரத்தையே தந்துவிடும்.

குளோஷரின் வழி வேறு. இல்லாத சாவிக்கு அதன் 'அப்டேட்' சார்பு, எதுவும் இல்லை என்று பொருள்படும் 'நில்' என்பதை அனுப்பும். நில்லோடு ஒன்றைக் கூட்டினால் பிழை. அதற்காகவே 'எஃப்நில்' வந்தது. நில் வரும் இடத்தில் 0 வைத்துக்கொள் என்று அது சார்பைச் சுற்றிக் கட்டிக் கொடுக்கும். ஆனால் சார்பு நில்லைத் திருப்பினால் சாவி நீங்காது. நில் என்ற மதிப்போடு அங்கேயே இருக்கும். நீக்குவதற்குத் தனிச் சார்பைத்தான் அழைக்க வேண்டும்.

கூச்சலிடும் குறி

எர்லாங் மொழிக்கு மேப் 2014இல், ஓடிபி 17 வெளியீட்டோடு வந்தது. அங்கே நிபந்தனை இலக்கணத்திலேயே ஏறிவிட்டது. => என்று எழுதினால் இருந்தால் மாற்றும், இல்லாவிட்டால் சேர்க்கும். := என்று எழுதினால் சாவி கட்டாயம் இருந்தாக வேண்டும்; இல்லாவிட்டால் பிழை எழும். 'வெல்லம்' என்பதை 'வெலம்' என்று தவறாகத் தட்டினால் முதல் குறி ஒரு புதுப் பொருளையே உருவாக்கிவிடும். இரண்டாவது குறி அங்கேயே பிடித்து நிறுத்தும். எர்லாங்கின் மேல் கட்டப்பட்ட எலிக்ஸிரிலும் செங்குத்துக் கோடு போட்டு எழுதும் புதுப்பித்தல், சாவி இல்லையென்றால் பிழை தரும்.

எலிக்ஸிரின் 'மேப் அப்டேட்' இயல்பு மதிப்பு ஒன்றையும் கேட்கும். சாவி இல்லாதபோது அதை அப்படியே பதிந்துவிடும், சார்பை அதன்மேல் இயக்காது. எஃப்நில்லோ இயல்பு மதிப்பைச் சார்புக்குள் செலுத்தும். எனவே சொற்களை எண்ணும் நிரலில் எலிக்ஸிருக்கு 1 என்றும் குளோஷருக்கு 0 என்றும் கொடுக்க வேண்டும். ஒரு மொழியிலிருந்து மற்றொன்றுக்குத் தாவுபவரின் எண்ணிக்கை ஒன்று கூடியோ குறைந்தோ போவது இங்கேதான்.

இருவர் ஒரே நேரத்தில் மாற்றினால்

ஒரே நேரத்தில் ஓடும் நிரலின் பல இழைகள் ஒரே கணக்கைத் தொடும்போது, பார்ப்பதற்கும் பதிவதற்கும் நடுவே இன்னொருவர் புகுந்துவிடலாம். குளோஷரின் 'ஆட்டம்' இதை இப்படிச் சமாளிக்கிறது: பழைய தொகுப்பைச் சார்புக்குக் கொடுத்துப் புதியதைப் பெறும், இடையில் யாரும் மாற்றவில்லை என்று உறுதியானால் மட்டுமே பதியும், மாறியிருந்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். ஒரே சார்பு பலமுறை ஓடக்கூடும் என்பதால் அதற்குள் அச்சிடுவது, அஞ்சல் அனுப்புவது போன்ற பக்க விளைவுகளை வைக்கக் கூடாது.

முடிவைச் சார்பாகக் கொடுக்கும் பாணி 2014இல் ஜாவா 8க்கும் வந்தது. அதன் 'கம்ப்யூட்' சார்பில் 'நல்' திரும்பினால் சாவி நீங்கும். 2019இல் வந்த ஸ்கலா 2.13இன் 'அப்டேட்டட்வித்' நல்லுக்கு இடம் வைக்காமல், ஹாஸ்கலின் மேபியை ஒத்த 'ஆப்ஷன்' வகையை வாங்கி ஆப்ஷனையே தரும்படி எழுதப்பட்டது.