34-ஆம் பிரிவு பிறந்த கதை

பலர் சேர்ந்து செய்த பழைய கொலை வழக்குத் தீர்ப்பை எடுத்தால் முதல் பக்கத்திலேயே இந்தியத் தண்டனைச் சட்டத்தின் '302 உடன் இணைந்த 34' என்று வந்து நிற்கும். முதல் எதிரி வெட்டினார், இரண்டாம் எதிரி கையைப் பிடித்துக்கொண்டார், மூன்றாம் எதிரி தெருமுனையில் வண்டியோடு நின்றார். மூவருக்கும் ஆயுள். மூன்றாம் எதிரியின் தாய் நீதிமன்ற வாசலில் கேட்பது ஒன்றுதான்: "எம்புள்ள அருவாளத் தொடவே இல்லியே, அவனுக்கு எதுக்கு அதே தண்டன?" அந்தக் கேள்விக்கு விடை தேடித்தான் 34-ஆம் பிரிவு இன்றைய வடிவத்துக்கு வந்து சேர்ந்தது.

மெக்காலே தலைமையிலான ஆணையம் 1837-இல் வரைந்து கொடுத்த தண்டனைச் சட்டம், 1860-இல்தான் நிறைவேறியது. அதில் 34-ஆம் பிரிவு மிகவும் குட்டை. பலர் சேர்ந்து ஒரு குற்றச் செயலைச் செய்தால், ஒவ்வொருவரும் தான் ஒருவரே அதைச் செய்ததுபோலப் பொறுப்பாவார், அவ்வளவுதான். யார் மனத்தில் என்ன இருந்தது என்பதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

சில ஆண்டுகளிலேயே கல்கத்தா உயர் நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. திருடியதாகச் சொல்லி ஒருவரைச் சிலர் பிடித்தார்கள், அடித்தார்கள், அவர் செத்துப்போனார். 1866-இல் தீர்ப்புச் சொன்ன தலைமை நீதிபதி சர் பார்ன்ஸ் பீகாக் ஒரு கோடு கிழித்தார். காவல் நிலையத்துக்குக் கொண்டுபோவதற்காக மட்டும் பிடித்தவர்கள், அடிப்பது தங்கள் திட்டத்திலேயே இல்லாதவர்கள், அந்த இடத்தில் இருந்தார்கள் என்பதற்காகவே சாவுக்குப் பொறுப்பாகிவிட மாட்டார்கள் என்றார். 1870-இல் திருத்தச் சட்டம் வந்தது. 'எல்லோருடைய பொது உட்கருத்தையும் நிறைவேற்றும் வகையில்' என்ற சொற்கள் பிரிவுக்குள் நுழைந்தன. கூட நின்றவனைச் சிக்கவைக்கும் சொற்கள் என்றே இவற்றைப் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் சும்மா நின்றவனைக் காக்கும் வேலியாகவே இவை வந்து சேர்ந்தன என்பது என் வாசிப்பு.

இந்தச் சொற்களின் முழு வீச்சும் தெரிந்தது ஒரு தபால் நிலையத்தில். 1923 ஆகஸ்ட் 3, கல்கத்தாவின் சங்கரிதோலா. துணைத் தபால் அதிகாரி பின்னறையில் மேசை முன் உட்கார்ந்து பணம் எண்ணிக்கொண்டிருந்தார். முற்றத்துப் பக்கக் கதவருகே சிலர் வந்து நின்று பணத்தைக் கேட்டார்கள். கேட்ட சூட்டோடு சுட்டார்கள். கையில் ஒரு குண்டு, அக்குள் அருகே ஒரு குண்டு. அவர் அங்கேயே இறந்தார். வந்தவர்கள் ஒரு காசும் எடுக்காமல் ஆளுக்கொரு திசையில் ஓடினார்கள். ஒருவர் மட்டும் ஓடும்போதே திரும்பித் திரும்பிச் சுட்டார். ஆனாலும் தபால் நிலைய ஊழியர் ஒருவரும் இன்னும் சிலரும் விடாமல் துரத்திப் பிடித்தார்கள். துப்பாக்கி ஏந்தியவனைத் துரத்திய அந்த ஊழியரின் துணிச்சல் இல்லையென்றால் இந்த வழக்கே இல்லை.

பிடிபட்டவர் பரேந்திர குமார் கோஷ். அவருடைய வாதம்: நான் வெளியே முற்றத்தில்தான் நின்றேன், பயந்துபோயிருந்தேன், அவரை நான் சுடவில்லை. கொன்ற குண்டு யாருடையது என்று தெரியாவிட்டால் என்ன செய்வது? கொள்ளையடிக்கவும் தேவைப்பட்டால் கொல்லவும் என்று வந்தவர்களில் இவரும் ஒருவர் என்றால், யார் சுட்டிருந்தாலும் இவரும் குற்றவாளியே என்று ஜூரிகளுக்கு நீதிபதி சொன்னார். மரண தண்டனை. வழக்கு, அன்றைய இறுதி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில்வரை போனது. அங்கே லார்ட் சம்னர், ஒவ்வொருவரும் ஒரே மாதிரியான செயலைச் செய்திருந்தால்தான் இந்தப் பிரிவு பொருந்தும் என்ற வாதத்தை உடைத்தார். அப்படிப் பார்த்தால் கூட்டுக்கொலை எதிலும் எவரையும் தண்டிக்க முடியாது. சுட்டதும் நின்றதும் காவல் காத்ததும் எல்லாம் சேர்ந்து ஒரே குற்றச் செயல் என்றார். வாசலில் நின்றவனும் பங்காளிதான் என்று காட்ட மில்டனின் கவிதையைத் துணைக்கு அழைத்தார். மேல்முறையீடு தள்ளுபடியானது. இன்றும் அரசு வழக்கறிஞர்கள் முதலில் எடுத்து நீட்டுவது இந்தத் தீர்ப்பைத்தான்.

எதிர்த்தரப்பு நீட்டுவது சிந்து நதிக்கரை வழக்கை. 1943 ஆகஸ்டில் கோரை அறுத்துக்கொண்டு படகில் வந்தவர்களை, நிலத்துக்காரரின் உறவினர் ஒருவர் கரையில் மறித்துக் கோரையைத் திருப்பிக் கேட்டார். தகராறு முற்றி, படகுக்காரர் மூங்கில் கழியால் அவரை அடித்தார். அடிபட்டவர் கூச்சல் போட, இரண்டு பேர் துப்பாக்கியோடு ஓடிவந்தார்கள். ஒருவர் சுட்டதில் படகுக்காரர் இறந்தார். மற்றவர், மஹபூப் ஷா, சுட்டதில் இன்னொருவருக்குச் சிறு காயம். கொன்றவர் தலைமறைவு. அகப்பட்ட மஹபூப் ஷாவுக்கு மரண தண்டனை விழுந்தது.

1945-இல் பிரிவி கவுன்சிலில் அந்தத் தீர்ப்பை எழுதியவர் சர் சி. மாதவன் நாயர், நம் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்தவர். 1870-இல் சேர்ந்த சொற்களுக்கான எண்ணம் பீகாக்கின் தீர்ப்பிலிருந்து வந்திருக்கலாம் என்று வேரைத் தோண்டிக் காட்டியதும் அவர்தான். ஒரே நேரத்தில் ஒரே எண்ணம் இரண்டு பேருக்கு இருக்கலாம். அது பொது உட்கருத்து ஆகாது, முன்கூட்டிப் பேசிவைத்த திட்டம் வேண்டும் என்றார். ஓடிவந்த இருவருக்கும் பொதுவாக இருந்தது உறவினரை மீட்கும் எண்ணமே. மஹபூப் ஷா கொலைக் குற்றத்திலிருந்து தப்பினார். அந்தத் திட்டம் சம்பவ இடத்திலேயே நொடியில் உருவாகலாம் என்பதைப் பிற்காலத் தீர்ப்புகள் ஏற்றுக்கொண்டன. ஐந்து பேரோ அதற்கு மேலோ கூடினால் வேறு கணக்கு. அங்கே அதே தண்டனைச் சட்டத்தின் 149-ஆம் பிரிவு சொன்ன 'பொது நோக்கம்' வந்துவிடும்.

குற்றத்தில் எல்லோரும் சமம் என்று தீர்ந்தபின் தண்டனையிலும் சமம் வேண்டாமா? இந்தக் கேள்விக்கு ஓர் உயிர் விலையானது. உத்தரப் பிரதேசத்தில் நான்கு பேர் கொல்லப்பட்ட வழக்கில் ஜீதா சிங், கஷ்மீரா சிங், ஹர்பன்ஸ் சிங் மூவருக்கும் 1975-இல் மரண தண்டனை. மூவரும் தனித்தனியே உச்ச நீதிமன்றம் போனார்கள். ஜீதா சிங்கின் மனு 1976-இல் தள்ளுபடி. கஷ்மீரா சிங்கின் தண்டனை 1977-இல் ஆயுளாகக் குறைந்தது. ஹர்பன்ஸ் சிங்கின் மனு 1978-இல் தள்ளுபடி. ஒரே வழக்கு, ஒரே பங்கு, மூன்று விதி. 1981 அக்டோபர் 6 அன்று தூக்கு என்று நாள் குறித்தார்கள். ஹர்பன்ஸ் சிங் கடைசி நேரத்தில் மனுப் போட்டுத் தடை வாங்கினார். மனுப் போடாத ஜீதா சிங்கை அதே நாளில் தூக்கிலிட்டார்கள்.

அவரும் ஒரு மனுப் போட்டிருந்தால் உயிரோடு இருந்திருப்பார் என்று எனக்குத் தோன்றும்போதெல்லாம் மனம் ஆறுவதில்லை. 1982-இல் தலைமை நீதிபதி சந்திரசூட்டின் அமர்வு, ஹர்பன்ஸ் சிங்கின் தண்டனையைக் குறைக்கும்படி குடியரசுத் தலைவருக்குப் பரிந்துரைத்தது. கூடவே ஓர் ஏற்பாட்டையும் சொன்னது: தூக்குத் தண்டனையை நிறைவேற்றும் முன், அதே வழக்கின் வேறு எதிரி எவருக்காவது தண்டனை குறைக்கப்பட்டிருக்கிறதா என்று சிறைக் கண்காணிப்பாளர் தாமே விசாரித்தறிய வேண்டும், குறைக்கப்பட்டிருந்தால் நீதிமன்றத்துக்குத் தெரிவிக்க வேண்டும்.

2024 ஜூலை 1 முதல் 34-ஆம் பிரிவு, புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 3(5) ஆகிவிட்டது. எண் மாறியிருக்கிறது, 1870-இல் சேர்ந்த சொற்கள் அப்படியே இருக்கின்றன.