ஒஸ்லோவின் காந்த மணிகள்: ஒரு பாலிமர் வலையின் கதை

ஒஸ்லோ என்றதும் பல தமிழர்களுக்கு நினைவுக்கு வருவது 2002ஆம் ஆண்டின் சமாதானப் பேச்சுக்கள்தான். மருத்துவ ஆய்வுகூடங்களிலோ அந்நகரம் "டைனாபீட்ஸ்" எனப்படும் நுண்ணிய பாலிமர் மணிகளுக்காக அறியப்படுகிறது.

இவற்றின் மூலம் ட்ரொன்ட்ஹைம் நகரப் பேராசிரியர் ஜோன் உகெல்ஸ்டட் 1970களில் கண்டறிந்த ஒரு முறையாகும். சில மைக்ரோமீட்டர் பருமனில், ஒன்றுபோல் மற்றொன்று அமைந்த பாலிமர் மணிகளைப் புவியீர்ப்பின் கீழ் தயாரிப்பது அரிது எனக் கருதப்பட்ட காலம் அது. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் நாசா அதற்காக விண்ணோடத்தையே பயன்படுத்தியது. உகெல்ஸ்டட் அதனைத் தரையிலேயே செய்துகாட்டியிருந்தார். ஒரே அளவான சிறு விதைத் துகள்களைப் பன்மடங்கு ஊதச் செய்து, பின்னர் பாலிமராக்குவதே அவரது வழி.

மணியின் குணத்தைத் தீர்மானிப்பது அதன் உள்வலை. ஸ்டைரின் மட்டும் சேர்ந்தால் தனித்தனிச் சங்கிலிகளே உருவாகும். தகுந்த திரவத்தில் அவை கரைந்துவிடும். இரு முனைகளிலும் இணையக்கூடிய டைவினைல்பென்சீன் கலந்தால் சங்கிலிகள் கிளைத்து, ஒன்றோடொன்று பிணைந்து வலையாகின்றன. அந்த வலை ஊதுமே தவிரக் கரையாது. பிணைப்புகள் பெருகப் பெருக மணி இறுகும். வினையின்போது உரிய திரவத்தைச் சேர்த்துப் பின்னர் அகற்றினால் நிலையான நுண்துளைகள் எஞ்சும்.

அத்துளைகளுக்குள் இரும்பு ஒக்சைட்டு படியவைக்கப்பட்டு, மேலே பாலிமர் உறை பூசப்படுகிறது. இரும்புத் துணுக்குகள் மிகச் சிறியவை என்பதால், காந்தத்தை அகற்றியதும் மணிகள் காந்தத்தன்மையை இழக்கின்றன. இல்லாவிடில் அவை ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிப் பயனற்றுப் போயிருக்கும்.

மேற்பரப்பில் பிறபொருளெதிரிகளை இணைத்தால் குறிப்பிட்ட உயிரணுக்களை மட்டும் மணிகள் பற்றிக்கொள்ளும். நரம்பு மண்டலத்தில் தோன்றும் ஒருவகைப் புற்றுநோயால் பாதிக்கப்பட்ட சிறார்களின் எலும்பு மச்சையிலிருந்து புற்றணுக்களை அகற்ற, 1980களின் முற்பகுதியில் லண்டன் மருத்துவர்கள் இவற்றைப் பயன்படுத்தினர். இன்று சில புற்றுநோய்ச் சிகிச்சைகளுக்கு, நோயாளியின் டீ உயிரணுக்களைப் பிரித்தெடுத்துத் தூண்டிப் பெருக்கவும் இத்தகைய மணிகள் உதவுகின்றன.

1986இல் ஒஸ்லோவில் டைனால் நிறுவனம் தொடங்கப்பட்டது. உகெல்ஸ்டட் 1997இல் காலமானார். 2005இல் அமெரிக்காவின் இன்விட்ரோஜன் டைனாலை வாங்கியது. 2014 முதல் அது தெர்மோ ஃபிஷர் வசம் உள்ளது. எண்ணெய்ச் செல்வத்தை அரசின் கையில் இறுகப் பற்றிக்கொண்ட நாடு, தன் பல்கலைக்கழகம் ஒன்றில் பிறந்த இந்த அறிவுச் செல்வத்தின் உரிமையை எளிதாகவே விட்டுக்கொடுத்தது எனலாம். எனினும் மணிகளின் உற்பத்தி நோர்வேயை விட்டு அகலவில்லை. ஒஸ்லோவுக்கு அருகிலுள்ள லில்லெஸ்ட்ரோமில் அது தொடர்கிறது.