கத்தியின் வேகமும் காவலரின் பொறுமையும்

மயக்க மருந்து அறியப்படாத காலத்தில், விரைந்து அறுப்பவரே சிறந்த சத்திரசிகிச்சை வைத்தியராகப் போற்றப்பட்டார். இலண்டனில் ரொபேட் லிஸ்டன் என்பார் சில நிமிடங்களுக்குள் ஒரு காலைத் துண்டித்துவிடுவார் எனப் புகழ்பெற்றிருந்தார். நோயாளி துடித்துக் கிடந்த அந்நாளில் வேகமே கருணையாக இருந்தது. 1846ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள் பொஸ்டன் நகரில் வில்லியம் மோர்ட்டன் ஈதர் ஆவியால் நோவை அகற்றிக் காட்டினார். அடுத்த ஆண்டு எடின்பரோவில் சிம்சன் குளோரோபோமைப் புகுத்தினார்.

நோவு நீங்கியது, புதிய அபாயம் புகுந்தது. மயங்கியவருட் சிலர் மீளாமலே மாண்டனர். 1888, 1889ஆம் ஆண்டுகளில் ஐதராபாத்தில் நிஜாமின் ஆதரவுடன் இரு ஆணைக்குழுக்கள் இதனை ஆராய்ந்தன. மூச்சைக் கவனித்தாற் போதும் என்பது அங்கிருந்த எட்வேட் லோறியின் துணிபு. குளோரோபோம் இதயத்தையே நேராகத் தாக்கக்கூடும் என்பதை 1911இல் லெவி என்பார் நிறுவினார். மூச்சையும் நாடியையும் ஒருங்கே காப்பதற்கென்றே தேர்ந்த ஒருவர் வேண்டும் என்பது இவ்வாறு தெளிவாயிற்று. அவரே மயக்க மருந்து வைத்தியர்.

இலங்கையில் தோட்டத் தொழிலாளரின் மருத்துவ உதவிக்கான சட்டம் 1872இல் பிறந்தது. புகையிரதம் பதுளையை அடைந்ததோ 1924இல்தான். தோட்ட மருந்தகம் காயத்தைக் கட்டும்; வயிற்றைத் திறக்கவேண்டுமாயின் பசறையிலிருந்தும் லுணுகலையிலிருந்தும் பதுளைப் பெரிய ஆஸ்பத்திரியையே நாடவேண்டும்.

அங்கே ஒரு நோயாளி வெளியேறி மற்றவர் உள்ளே வருமளவும் உள்ள இடைவேளை சிறிதன்று. அறை துப்புரவாகவேண்டும், கருவிகள் மாறவேண்டும். மயக்க மருந்து வைத்தியர் முன்னவரின் மூச்சு நிலைபெற்றதை உறுதிசெய்து, ஒட்சிசனையும் இயந்திரத்தையும் சோதித்து, அடுத்தவரிடம், “எப்போது உண்டீர்கள்? எந்த மருந்து ஒவ்வாது?” என வினவவேண்டும். இடைவேளை நீண்டால், இரவு முதல் பட்டினியிருந்த கடைசி நோயாளி திருப்பி அனுப்பப்படலாம். கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு அன்றைய பேரும் போகும், வழிச்செலவும் வீணாகும்.

ஆதலின் நேரத்தைச் சுருக்கவேண்டியதே. ஆனால் எதிலே சுருக்குவது? இரத்தச் சோகையை மேசையருகே கண்டால் சிகிச்சை தடைப்படும். சில வாரங்கள் முன்னரே கண்டால் மருந்து கொடுத்துத் தேற்றலாம். முன்னவரின் காயம் தைக்கப்படும்போதே அடுத்தவரை அழைத்துவரலாம். சிக்கனம் இங்கெல்லாம் தகும். நோயாளிக்கு விளங்கும் தமிழில் கேட்கப்படும் அந்த இரண்டொரு கேள்விகளிற் சிக்கனம் தகாது. 2008இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட சத்திரசிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியலும், மயக்கம் கொடுக்குமுன் சற்று நின்று வினவுமாறே பணிக்கிறது.

லிஸ்டன் காலத்தில் வேகம் நோயாளியைக் காத்தது. இன்று அவரைக் காப்பது முன்னேற்பாடு. அதன்பின் அவசரப்படாத ஒருவரின் கவனம்.