மறைந்த ஒலிகளும் சாட்சிகளும்

போர்வீரனைக் குறிக்கும் 'நைட்' என்ற ஆங்கிலச் சொல்லின் முதலில் 'கே' என்ற எழுத்தையும், இடையில் 'ஜி', 'எச்' என்ற எழுத்துக்களையும் எழுதுகிறோம். அவற்றுள் ஒன்றையேனும் ஒலிப்பதில்லை. "ஒலிக்காத எழுத்தை ஏன் ஐயா எழுதவேண்டும்?" என்று மாணவர்கள் என்னைப் பன்முறை கேட்டதுண்டு. அவை ஒருகாலத்தில் ஒலித்தவை என்பதே விடை. ஆனால் ஒலியைப் பதிவுசெய்யும் கருவியை எடிசன் அமைத்தது 1877-இல்தான். அதற்கு முற்பட்டோரின் பேச்சொலியை அறிஞர் அறிந்தது எங்ஙனம்?

நீதிபதி சாட்சிகளை விசாரிப்பதுபோல் அவர்கள் விசாரிக்கின்றனர்.

முதற் சாட்சி இனமொழி. ஆங்கிலமும் ஜெர்மன் மொழியும் ஒரு குடும்பத்தவை. 'நைட்' என்பதற்கு உறவான, பணியாளனைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லில் அந்தக் ககரம் இன்றும் ஒலிக்கிறது.

இரண்டாம் சாட்சி கவிஞர். 1714-இல் வெளிவந்த ஒரு பாட்டில் அலெக்சாண்டர் போப், 'டீ' என்ற சொல்லை 'ஒபே' என்பதோடு இயைபாக அமைத்தார். ஆகவே அக்காலத்தில் அதனை 'டே' என்றும் ஒலித்தனர் என்பது புலனாகும்.

மூன்றாம் சாட்சி இலக்கணம் வல்லார். ஜான் ஹார்ட் என்பவர் 1569-இல் எழுத்துச் சீர்திருத்தம் வேண்டி ஒரு நூல் வெளியிட்டார். ஒலிக்கொரு குறியாக அவர் எழுதிக் காட்டிய சொற்கள் இன்று பெருஞ் சான்றுகளாகும்.

நான்காம் சாட்சியே வியப்புக்குரியது, அஃது எழுத்துப்பிழை! கற்றவர் மரபு வழுவாமல் எழுதுவர். கல்வி குறைந்தவரோ காதில் விழுந்தவாறே எழுதுவர். இலண்டன் வணிகரான ஹென்றி மாச்சின் 1550 முதல் 1563 வரை ஒரு நாட்குறிப்பு எழுதினார். சொல்லின் முதலில் வேண்டிய இடத்தில் 'எச்' எழுத்தை விட்டும், வேண்டாத இடத்தில் சேர்த்தும் எழுதினார். ஆண்டுக்கணக்கில் சிவப்பு மையால் பிழை திருத்திய எனக்கு, பிழையும் வரலாற்றுக்கு உதவும் என்பது பெரும் பாடமாயிற்று.

எனினும் ஒரு சாட்சியை மட்டும் நம்புதல் தகாது. மாச்சினின் எழுத்தை இலண்டன் மக்களின் பேச்சுக்குச் சான்றாக வைல்டு என்ற அறிஞர் 1920-இல் கொண்டார். அது வடபகுதியான யார்க்ஷயரின் வழக்கு என்று 1937-இல் வைக் என்பவர் மறுத்தார். பல சாட்சிகள் ஒத்துரைக்கும்போதே முடிவு வலுப்பெறும்.

இத்தகைய சான்றுகளால் அறிந்த பெருநிகழ்ச்சி ஒன்றுண்டு. காக்ஸ்டன் 1476-இல் இங்கிலாந்தில் அச்சுத்தொழிலைத் தொடங்கினார். அச்சு பரவப் பரவ எழுத்து முறை மெல்ல நிலைபெற்றது. அதே நூற்றாண்டுகளில் நெடிய உயிரொலிகள் இடம்பெயர்ந்து சென்றன. டேனிஷ் அறிஞர் யெஸ்பர்சன் இதனைப் 'பெரும் உயிரொலி மாற்றம்' என்றார். எழுத்து நின்றது, ஒலி நடந்தது. ஆங்கில எழுத்துக் கூட்டலில் நமக்குற்ற இடர்ப்பாட்டிற்கு இதுவே பெருங்காரணம்.

ஆகவே மாணவர்களே, ஒலிக்காத எழுத்தைக் கண்டு சினம் கொள்ளாதீர்கள். மாண்டுபோன ஒரு தலைமுறையின் குரல் அங்கே தன் அடிச்சுவட்டை விட்டுச் சென்றிருக்கிறது.