அறிமுகம்

பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவில், கோயமுத்தூர் எல்லையை ஒட்டி, தமிழும் மலையாளமும் ஒரே கடைத்தெருவில் கலந்து ஒலிக்கும் வடகரப்பதியில், தமிழர் 'அறிமுகம்' என்பதை மலையாளத்தார் 'பரிசயம்' என்பர். பிந்தியது வடமொழிச் சொல். முந்தியதோ 'அறி' என்னும் பகுதியோடு 'முகம்' சேர்ந்த வினைத்தொகையாதலின், அறிந்த முகம், அறிகின்ற முகம், அறியும் முகம் என முக்காலத்தையும் தன்னுள் அடக்கி நிற்பது.

முன்னாளில் வங்கியில் கணக்குத் தொடங்க வருபவரை, அங்கே ஏற்கெனவே கணக்குடைய ஒருவர் கையொப்பமிட்டு அறிமுகம் செய்வது வழக்கம். ஊராரின் வாக்கே பிரமாணமாக விளங்கிற்று. 2002-ஆம் ஆண்டின் சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டமும், வாடிக்கையாளரை அறியுமாறு பணிக்கும் ரிசர்வ் வங்கியின் விதிகளும் வந்தபின், அந்தப் பிரமாணம் பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம், வாக்காளர் அட்டை, ஆதார், நூறு நாள் வேலை அட்டை முதலிய பத்திரங்களைச் சார்ந்தது. இவ்வகை அட்டையைச் சின்னத்தின் பெயரால் தமிழ் 'அடையாள அட்டை' என்கிறது. பிரித்துணரும் செயலின் பெயரால் மலையாளம் 'திரிச்சறியல் கார்டு' என்கிறது.

ஆயினும் ஒருமுறை அறிவதோடு வங்கியின் கடமை தீர்வதில்லை. அபாயம் மிகுந்த வாடிக்கையாளரின் விவரங்களை 2 ஆண்டுக்கும், நடுத்தர அபாயமுடையோரின் விவரங்களை 8 ஆண்டுக்கும், ஏனையோரின் விவரங்களை 10 ஆண்டுக்கும் ஒருமுறையேனும் புதுப்பிக்க வேண்டும் என்பது விதி. ஆதலால், முக்காலமும் ஏந்திய 'அறிமுகம்' என்பதே இக்காரியத்துக்கு முற்றிலும் பொருந்தும் சொல்.