இயல்பும் பண்பும்: ஒரு சொல்வரலாற்று நோக்கு

மனிதனின் உள்ளப் போக்கினைக் குறிக்கத் தமிழில் இயல்பு, தன்மை, பண்பு, குணம், சுபாவம் எனப் பல சொற்கள் வழங்குகின்றன. அகராதிகள் இவற்றுள் ஒன்றற்கு மற்றொன்றைப் பொருளாகத் தருவன. ஆயினும் இச்சொற்களின் வரலாற்றை நோக்குமிடத்து, அப்போக்குப் பிறப்பில் அமைவதா, பயிற்சியால் ஆக்கப்படுவதா என்னும் வினா அவற்றுள் உறைந்திருத்தலைக் காணலாம்.

தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் இயற்கைப் பொருளையும் செயற்கைப் பொருளையும் வேறுபடுத்தினார். முன்னது இத்தன்மையது என்று கூறப்படும். பின்னது ஆக்கச்சொல் பெற்று வரும். 'கல் வலிது' என்பதும் 'நூல் ஆடையாயிற்று' என்பதும் இவ்வேறுபாட்டைப் புலப்படுத்துவன. பண்புத்தொகையை விளக்குமிடத்து அவர் வண்ணம், வடிவு, அளவு, சுவை முதலியவற்றைப் பண்பெனச் சுட்டினார். அவை பொருளோடு ஒட்டியிருப்பவை.

திருக்குறளிலோ பண்பு மனித ஒழுகலாறாகின்றது. பண்புடைமை என்னும் நூறாவது அதிகாரம், யாவரும் எளிதில் அணுகும்படி வாழ்வோர் பண்புடைமையை எளிதில் எய்துவர் என்று தொடங்குகின்றது. எய்தப்படுவது பிறப்பிலேயே முற்றுப்பெற்றதாகாது. நிலத்தை உழுது பதப்படுத்துதலைப் 'பண்படுத்தல்' என்னும் வழக்கும் ஈண்டு ஒப்பிடற்பாலது.

குணம் என்பது வடசொல். இழை, நாண் என்பனவும் அதன் பொருள்களாம். சாங்கியர் சத்துவம், இராசதம், தாமதம் எனக் குணத்தை மூன்றாக வகுத்தனர். சுபாவம் என்பதோ தனக்கேயுரிய இருப்பு என்னும் பொருளது; மாறாமையை வலியுறுத்துவது. பொருள்களுக்கு அத்தகைய தனித்த சுபாவம் இல்லையெனப் பௌத்த அறிஞர் நாகார்ச்சுனர் வாதிட்டார்.

இவ்வாதம் ஏட்டளவில் நின்றதன்று. பிரித்தானிய ஆட்சியினர் இந்தியாவில் 1871 இல் குற்றப் பரம்பரைச் சட்டத்தை இயற்றினர். 1911 ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி அது சென்னை மாகாணத்திலும் நடைமுறைக்கு வந்தது. கள்ளர் முதலிய சமூகத்தவர் பலர், தனித்தனியே குற்றம் நிறுவப்படாமலே, பிறப்புக் காரணமாகப் பதிவுக்கும் கண்காணிப்புக்கும் உள்ளாயினர். ஒரு கூட்டத்தாரின் சுபாவம் குற்றமே என்னும் கருத்து, சட்டத்தின் வலிமையைப் பெற்றது. 1952 இலேயே அச்சட்டம் இந்தியா முழுவதிலும் நீக்கப்பட்டது.

ஆதலின் ஒருவரை நோக்கி 'அது அவர் சுபாவம்' என்று கூறுதல் வெறும் வருணனையன்று. அவர் மாறுதற்குரிய வாயிலை அடைக்கும் தீர்ப்புமாகும். குணத்தையும் குற்றத்தையும் ஒருங்கே ஆராய்ந்து, மிகுந்தது கொண்டு மதிப்பிடுமாறு வள்ளுவர் கூறியது தனிமனிதரைத் தெளிதற்பொருட்டேயாம். அவ்வாராய்ச்சியின்றிச் சமூகங்களுக்குச் சுபாவம் கற்பிக்கும் வழக்கு, எம்மொழியில் தோன்றினும் மறுக்கற்பாலதே.