திரை கட்டின பையன்: சபையும் சினிமாவும்

இந்த எபிசோடை வாழப்பாடியிலிருந்து பேசுறேன். சேலத்துலருந்து ஆத்தூர் போற ரோட்டுல, பாக்கு காயிற வாசனை அடிக்கிற ஊர். இங்க ஒரு சின்ன சபைக்கு நான் பாஸ்டர். ஞாயிற்றுக்கிழமை வந்தா அறுபது, எழுபது பேர் உட்காருவாங்க.

உங்கள்ல நிறைய பேர் மெசேஜ்ல கேட்ட கேள்வி இது: "பாஸ்டர், கிறிஸ்தவங்க சினிமா பார்க்கலாமா, கூடாதா?" ஒரே வார்த்தையில பதில் சொல்லி முடிச்சிடலாம். ஆனா இந்தக் கேள்வியில எனக்கு ஒரு பழைய கடன் பாக்கி இருக்கு. முதல்ல அதைச் சொல்லிடுறேன். அப்புறம் வரலாற்றுக்குப் போலாம்.

சில வருஷத்துக்கு முன்னாடி எங்க சபையில ஒரு தம்பி கீபோர்டு வாசிப்பான். அப்பா இல்லை. அம்மா பாக்கு உரிக்கிற வேலைக்குப் போறவங்க. ஒரு பெரிய ஹீரோ படம் ரிலீஸ் ஆன வாரம், அவனை தியேட்டர் வரிசையில பார்த்ததா யாரோ வந்து என்கிட்ட சொன்னாங்க. அந்த ஞாயிறு பிரசங்கத்துல நான் பேரைச் சொல்லலை. "இந்தக் கையால தியேட்டர்ல டிக்கெட் வாங்கிட்டு, அதே கையால ஆண்டவருக்கு வாசிக்கலாமா?" அப்படின்னு மட்டும் கேட்டேன். பேர் எதுக்கு? சபையே திரும்பி கீபோர்டு பக்கம் பார்த்துச்சு. அடுத்த வாரம் கீபோர்டு மேல போட்ட துணி எடுக்கப்படவே இல்லை.

அவன் பெங்களூருக்கு வேலைக்குப் போயிட்டான். அவங்க அம்மா மட்டும் தொடர்ந்து வந்தாங்க. ரொம்ப நாள் கழிச்சு ஒருநாள் என்கிட்ட சொன்னாங்க: "டிக்கெட்டுக்குக் காசு குடுத்ததே நான்தாங்க பாஸ்டர். அன்னைக்கு நீங்க என்னையும் சேர்த்துத்தான் பேசினீங்க."

அந்தப் பேச்சுக்கு அப்புறம்தான் இந்த வரலாற்றை எல்லாம் தேடிப் படிக்க ஆரம்பிச்சேன்.

குறவஞ்சியில் வந்த இயேசு

சபை ஒரு பக்கம், பொழுதுபோக்கு ஒரு பக்கம்னு ஆதியிலிருந்தே இருந்துச்சுன்னுதான் நானும் நினைச்சுட்டு இருந்தேன். அப்படி இல்லை.

தஞ்சாவூர்ல சரபோஜி மன்னர் காலத்துல வேதநாயகம் சாஸ்திரியார்னு ஒரு பெரிய கவிராயர். 1774-ல பிறந்தவர், 1864 வரைக்கும் வாழ்ந்தவர். நாம இன்னைக்கும் சபையில பாடுற பல கீர்த்தனைகள் அவர் எழுதினது. அவர் 1800 வாக்குல 'பெத்லகேம் குறவஞ்சி' எழுதினார். குறவஞ்சின்னா என்ன? பாட்டு, ஆட்டம், காதல், குறி சொல்ற குறத்தி, அவளைத் தேடி வர்ற குறவன், நடுநடுவுல கலாட்டா. அந்தக் காலத்து மக்கள் விழுந்து விழுந்து ரசிச்ச கலை. ஒருவிதத்துல அன்னைக்கு அதுதான் சினிமா. வழக்கமா அதுல தலைவன் ஒரு சாமியா இருப்பார், இல்லைன்னா ராஜாவா இருப்பார். சாஸ்திரியார் அந்த இடத்துல இயேசுவை வச்சார். அந்தக் கலையைத் தள்ளி வைக்காம, அதுக்குள்ளேயே போனார்.

நம்ம பக்கத்துக்கு வருவோம். சேலத்துல லண்டன் மிஷனரி சங்கம் 1827-ல வேலையைத் தொடங்குச்சு. பின்னாடி மேஜிக் லாண்டர்ன்னு ஒரு கருவி வந்துச்சு. விளக்குக்கு முன்னாடி கண்ணாடியில வரைஞ்ச படத்தை வச்சு, அதைத் துணியில பெருசா விழ வைக்கிற சாதனம். நம்ம நாட்டுல ஊர் ஊரா போன மிஷனரிகள் இதை நிறையவே பயன்படுத்தினாங்க. இருட்டின பிறகு நடுத்தெருவுல வெள்ளைத்துணி கட்டி, வேதாகமக் கதைகளைப் படம் படமா காட்டுவாங்க. அதாவது, பல கிராமங்கள்ல ஜனங்க இருட்டுல ஒண்ணா உட்கார்ந்து ஒரு திரையைப் பார்க்கப் பழகினதுல சபைக்கும் ஒரு பங்கு இருக்கு.

ஒரு ரயில்வே ஊழியர், ஒரு பெட்டி

அடுத்தது 1905. கோயம்புத்தூர்க்காரர் சாமிக்கண்ணு வின்சென்ட், திருச்சியில ரயில்வேல வேலை பார்த்துட்டு இருந்த ஒரு கிறிஸ்தவர். அப்போ டுபாண்ட்னு ஒரு பிரெஞ்சுக்காரர் ஊர் ஊரா படம் காட்டிட்டு வந்தார். உடம்பு முடியாம ஊர் திரும்ப வேண்டிய நிலைமை. அவர்கிட்டருந்து புரொஜெக்டரையும் படச்சுருள்களையும் வின்சென்ட் விலைக்கு வாங்கினார். அந்தச் சுருள்கள்ல முக்கியமானது இயேசுவோட வாழ்க்கைப் படம்.

வேலையை விட்டுட்டு, கூடாரம் போட்டு, ஊர் ஊரா அந்தப் படங்களைக் காட்டினார். தமிழ்நாட்டைத் தாண்டி வடக்கே லாகூர், பெஷாவர் வரைக்கும், கிழக்கே ரங்கூன் வரைக்கும் போனார். 1914-ல கோயம்புத்தூர்ல வெரைட்டி ஹால் தியேட்டரைக் கட்டினார். அந்த ஊர்ல இன்னைக்கும் வெரைட்டி ஹால் ரோடு இருக்கு. தமிழ்நாட்டு டூரிங் டாக்கீஸோட கதையை எழுதினா, முதல் பக்கத்துலயே இயேசு இருப்பார்.

தமிழ்நாட்டுல மட்டும் இல்லை. 1910-11 வாக்குல பம்பாய்ல தாதாசாகேப் பால்கே ஒரு தியேட்டர்ல 'லைஃப் ஆஃப் கிறைஸ்ட்' பார்க்கிறார். திரையில கிறிஸ்து ஓட ஓட, தன் மனசுல ராமரும் கிருஷ்ணரும் ஓடினதா பின்னாடி அவரே எழுதியிருக்கார். அந்த வேகத்துல எடுத்ததுதான் 1913-ல வந்த 'ராஜா ஹரிச்சந்திரா'. இந்திய சினிமா பிறந்த கதையிலயும் ஒரு இயேசு படம் இருக்கு.

சேலத்துக் கோட்டை

எங்க ஊர்லருந்து 30 கிலோமீட்டர் வாக்குல சேலம். அங்க 1935-ல டி.ஆர்.சுந்தரம் மாடர்ன் தியேட்டர்ஸை ஆரம்பிச்சார். மலையாளத்தோட முதல் பேசும் படம் 'பாலன்' 1938-ல இங்கிருந்துதான் போச்சு. தமிழ்ல முதல் முழுநீள கலர் படம் 'அலிபாபாவும் 40 திருடர்களும்', 1956-ல, இவங்க எடுத்ததுதான். நூத்துக்கும் மேல படங்கள். ஏற்காடு ரோட்டுல அந்த நுழைவு வளைவை இன்னைக்கும் நின்னு போட்டோ எடுத்துக்கலாம். நம்ம மாவட்டத்துக்கு சினிமா எங்கிருந்தோ வந்த விருந்தாளி இல்லை. இங்கேயே தச்சு வேலையும் பெயின்ட் வேலையும் சமையல் வேலையும் கொடுத்து, குடும்பங்களுக்குச் சோறு போட்ட தொழில்.

அதே காலத்துல கிறிஸ்தவக் கதைகளும் மேடையிலயும் திரையிலயும் நல்லா ஓடிட்டு இருந்துச்சு. நவாப் ராஜமாணிக்கம் பிள்ளையோட நாடகக் கம்பெனி ராமாயணம் போட்ட மாதிரியே 'இயேசுநாதர்' நாடகத்தையும் போட்டுச்சு. 1948-ல 'ஞானசௌந்தரி' கதையை ரெண்டு கம்பெனி ஒரே நேரத்துல எடுத்தாங்க. சித்தியோட சூழ்ச்சியால கை ரெண்டும் வெட்டப்பட்ட பொண்ணு, மாதாவோட அருளால திரும்பக் கை பெறுகிற கதை. ஜோசப் தளியத்தோட சிட்டாடல் எடுத்த படம் பிச்சுக்கிட்டு ஓடுச்சு. எஸ்.எஸ்.வாசனோட ஜெமினி எடுத்தது ஓடலை. அந்தப் படத்தைப் பார்க்க வந்த கூட்டம் கிறிஸ்தவக் கூட்டம் மட்டும் இல்லை. அப்புறம் எம்.ஜி.ஆர். இயேசு வேஷத்துல இருக்கிற போட்டோ ஒண்ணு உண்டு. அந்தப் படம் வரவே இல்லை, போட்டோ மட்டும் வீடு வீடா போய்ச் சேர்ந்துச்சு.

அப்போ தடை எங்கிருந்து வந்துச்சு?

சபைகளுக்குள்ள ஒரே கருத்து இருந்ததில்லை. கத்தோலிக்கத் திருச்சபையில போப் 11-ம் பயஸ் 1936-ல சினிமாவைப் பத்தியே ஒரு சுற்றுமடல் எழுதினார். அதோட போக்கு, நல்ல படம் எது, கெட்ட படம் எதுன்னு பிரிச்சுப் பார்க்கச் சொல்றது. பெந்தெகொஸ்தே, எழுப்புதல் வழி வந்த எங்களை மாதிரி சபைகள் வேற வழியில போச்சு. நகை, சாராயம், பீடி, சினிமா எல்லாத்தையும் 'உலகம்'னு ஒரே மூட்டையா கட்டி வெளியே வச்சோம்.

அந்தப் பயத்துல நியாயமே இல்லைன்னு சொல்ல மாட்டேன். தினக்கூலி வீட்டுல ராத்திரி ஆட்டத்துக்குப் போன காசு, மறுநாள் அரிசிக்கான காசா இருக்கும். ஹீரோ கட்-அவுட்டுக்குப் பால் ஊத்துறதைப் பார்த்தா, 'என்னையன்றி வேறே தேவர்கள் வேண்டாம்'னு வளர்ந்தவனுக்கு வயிறு கலங்கத்தான் செய்யும். சினிமாவும் நமக்கு மரியாதை கொடுத்துச்சுன்னு சொல்ல முடியாது. எத்தனை படத்துல கடத்தல்காரனுக்கு மைக்கேல், கிளப்ல ஆடுற பொண்ணுக்கு ஸ்டெல்லா! ரெண்டு பக்கமும் ஒருத்தரை ஒருத்தர் தூரத்துலருந்தே பார்த்துட்டு இருந்தோம். 2010-ல வந்த 'விண்ணைத்தாண்டி வருவாயா' ஞாபகம் இருக்கா? சினிமா டைரக்டர் ஆகணும்னு அலையிற பையன், சினிமாவே பார்க்க விடாத கிறிஸ்தவ வீட்டுப் பொண்ணு. உங்களுக்கு அது லவ் ஸ்டோரி. எனக்கு அது எங்க வாலிபர் கூட்டம்.

ஆனா வேடிக்கை என்னன்னா, தடை போட்ட நாங்களே திரையும் கட்டினோம். 1978-ல தெலுங்குல 'கருணாமயுடு' வந்துச்சு. 'பாசமலர்' எடுத்த பீம்சிங் இயக்கின படம், விஜயசந்தர் இயேசுவா நடிச்சார். தமிழ்ல 'கருணாமூர்த்தி'. 1979-ல லூக்கா சுவிசேஷத்தை வச்சு எடுத்த 'ஜீசஸ்' படம் வந்துச்சு. இன்னைக்கு 2000-க்கும் மேல மொழிகள்ல டப் ஆகியிருக்கு, தமிழும் அதுல ஒண்ணு. இந்தப் படங்களை வேன்ல எடுத்துட்டுப் போய், கிராமம் கிராமமா திறந்தவெளியில போட்டாங்க. தியேட்டருக்குப் போனா பாவம்னு சொன்ன சபையில, பெரிய வெள்ளிக்கு ஊரையே கூட்டிப் படம் போட்டோம்.

எங்க சபையிலயும் போடுவோம். அந்த வெள்ளைத்துணியை ரெண்டு தென்னைமரத்துக்கு நடுவுல சுருக்கம் இல்லாம இழுத்துக் கட்டுறது யாருன்னு நினைக்கிறீங்க? அந்தக் கீபோர்டு தம்பிதான். பத்து வயசுலருந்து அவன்தான் கட்டினான்.

நான் பார்க்காம விட்டது

2013-ல வந்த மணிரத்னத்தோட 'கடல்' படத்தை நான் ரொம்ப லேட்டா பார்த்தேன். எங்க? வீட்டுல, போன்ல, ஹெட்போன் மாட்டிக்கிட்டு. ஆமாம், உண்மையைச் சொல்லிடுறேன். அதுல அரவிந்த்சாமி ஃபாதர் சாம். ஊரே விரட்டுற தாமஸ்ங்கிற பையனை அவர் பிடிச்சு நிறுத்தி வச்சுக்கிறார். நான் கையில இருந்த பையனை விரட்டிட்டு உட்கார்ந்து அதைப் பார்த்தேன்.

இப்போ உங்க கேள்விக்கு வர்றேன். எல்லாப் படமும் நல்லதுன்னு நான் சொல்ல மாட்டேன். பொண்ணுங்களைத் துரத்துறதைக் காதல்னு சொல்ற படம், சாதிப் பெருமை பேசுற படம், இதையெல்லாம் பத்தி சபையில உட்கார்ந்து பேசியே ஆகணும். ஆனா பேசணும்னா பார்த்திருக்கணும், இல்லைன்னா பார்த்தவன்கிட்ட கேட்டிருக்கணும். 'தம்பி, என்ன படம்? எது பிடிச்சுது? எங்க அழுத?' இந்த மூணு கேள்வியை அன்னைக்கு நான் கேட்டிருந்தா, அவங்க அம்மா காசு கொடுத்த கதை அன்னைக்கே தெரிஞ்சிருக்கும். சாஸ்திரியார் குறவஞ்சியை எடுத்ததுக்கு முன்னாடி அதை உட்கார்ந்து கேட்டிருப்பார்ல? நான் கேட்கவே இல்லை.

போன மாசம் அந்தத் தம்பிக்கு போன் பண்ணினேன். எடுக்கலை. மன்னிப்பு கேட்டு மெசேஜ் போட்டேன். ராத்திரி பதில் வந்துச்சு: "சரிங்க பாஸ்டர்." அவ்வளவுதான். அதுக்கு மேல கேட்கிற உரிமை எனக்கு இல்லை. வர்ற ஞாயிறு, நான் தப்புப் பண்ணின அதே இடத்துல நின்னு, அவங்க அம்மா முன்னாடி இதைச் சொல்லப் போறேன். உங்ககிட்ட முதல்ல சொல்லிட்டேன், இனி பின்வாங்க முடியாது.

இந்த வருஷம் பெரிய வெள்ளிக்குத் துணியை நான்தான் கட்டினேன். நடுவுல தொங்கிப்போச்சு, இயேசு முகம் கோணலா தெரிஞ்சுது. பின்னாடி உட்கார்ந்திருந்த பசங்க சிரிச்சாங்க. நான் திட்டலை. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.